இடப்பக்கம்

பானெட்டின் மூலையில் உள்ளங்கை வைத்து
அமுக்கி விட்டேன்.
வலப்பக்கம் ஒருதரம் எழுந்து அமர்ந்தது.
இடப்பக்கம் நாலு தரம் ஆடி
அப்புறமும் யோசித்தது.

மார்த்தாண்டம் கடையில் ஒன்பது வருஷமாய்
கவுண்டருக்கு இந்தப்புறம் நின்று சொல்கிறேன்:
ஜோடியாத்தான் மாத்தணும் அண்ணே,
ஒண்ணு மட்டும் புதுசு போட்டா வண்டி கோணும்.
சான்ட்ரோவின் பார்ட் நம்பர் தூக்கத்திலும் வரும்.
டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறேன், பில் போட்டிருக்கிறேன்.
ஒரு வண்டிக்கடியில் படுத்ததில்லை.

ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை.
டென்னிசன் ஒன்றும் கேட்காமல் ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்தான்.
புதன்கிழமையிலிருந்து பேச்சில்லை.
பாதைக்கு ரெண்டு சென்ட் வேணும் என்று
அவன் அண்ணன் வந்து நின்றபோது
வாசலிலேயே, செரி அண்ணே, என்றுவிட்டான்.
நான் பின்னால் சாளை கழுவிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று இளக்கினேன்.
ஏற்றியபின் அடியில் அயினித்தடி.
கழற்றிய டயரையும் படுக்கவைத்து உள்ளே தள்ளினேன்.
ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பவர்கள்
எங்கள் கடைக்கு மறுபடி வருவதில்லை.

துரு.
கடல் தேங்காப்பட்டணத்தில் இருக்கிறது,
அதன் உப்பு கருங்கல்லில் என் நட்டுக்குள் இருக்கிறது.
ராத்திரியே எண்ணெய் அடித்திருந்தும் அசையவில்லை.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி மிதித்தேன்.
டப்.
இளகியதா, முறிந்ததா?
குனிந்து பார்க்கும்வரை இரண்டும் ஒரே சத்தம்.

இளகியிருந்தது.

ஸ்பிரிங்குக்கு எதிரெதிரே இரண்டு கவ்வி.
இங்கே நாலு சுற்று, அங்கே நாலு சுற்று.
நடு நட்டைக் கழற்றும்போது
முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகக் கூடாது.
அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் சத்தம் போடாது,
அதுதான் பயம்.
டென்னிசன் ஸ்பிரிங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இரண்டடி தள்ளி நின்றான்.

பழைய ஸ்ட்ரட் முழுக்கக் கறுத்த எண்ணெய், எண்ணெயில் அப்பிய செம்மண்.
தடியை உள்ளே அமுக்கினேன்.
போனது.
வரவில்லை.

கேரளாவுக்குக் கல் கொண்டுபோகும் டாரஸ் எதிரே வந்தால்
ஒதுங்கிக் கொடுப்பான்.
பஸ்ஸுக்கு ஒதுங்குவான்,
ஹாரன் அடிக்கிற எந்தப் பையனுக்கும் ஒதுங்குவான்.
தார் முடிகிற விளிம்பில் இறங்கிக்
குழியில் விழுவது இடது சக்கரம்.
அதற்கு மேலேதான் என் சீட்.

இதைச் சொல்லவில்லை.
பழையதை அவன் காலருகே போட்டேன்.
அவனும் எடுத்துத் தடியை அமுக்கினான்.
வரும் என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புதியதை மாட்ட ஆள் இரண்டு வேண்டும்.
ஒருவர் கீழிருந்து தூக்கிப் பிடிக்க,
மேலே மூன்று துளையில் மூன்று ஸ்டட் தலைகாட்டும் நேரம்
இன்னொருவர் விரலால் நட்டைப் பிடிக்கவைக்க.
கொஞ்சம் மேல.
இஞ்சோட்டுத் திருப்பு.
பிடிச்சிருக்கியா?
பிடிச்சிருக்கேன்.
விட்றாத.
புதனுக்குப் பிறகு இத்தனை வார்த்தை.
ஒன்றுகூட அந்த ரெண்டு சென்ட்டைத் தொடவில்லை.

கிரீஸ் போகாத கையோடு மரச்சீனியும் மீன்கறியும்.
பிறகு வலப்பக்கம். அது பாதி நேரத்தில் முடிந்தது,
திட்டுவதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பாலப்பள்ளம் வரை ஓட்டினோம்.
ஸ்டியரிங் இழுக்குது, என்றான்.
அலைன்மென்ட், என்றேன், நாளைக்கு.
வேகத்தடை வந்தது. பழக்கத்தில் பல்லைக் கடித்தேன்.
வண்டி ஏறியது, இறங்கியது.
முதுகில் எதுவும் இடிக்கவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.
மெலிதாய், கிரீச் கிரீச் என்று.
இவ்வளவு நாளும் பெரிய சத்தத்துக்கு அடியில்
இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

கேட்டியா?
டோராக்கும்.
டோர் இல்ல. என் சீட்டுக்குக் கீழ.

ஓரம் கட்டினான்.
எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி
இப்பச் சொல்லு, என்றான்.

நின்ற வண்டியில் அந்தச் சத்தம் வராது.
அது அவனுக்கும் தெரியும்.