பில் எண் 0047

கிசுமு நகரத்து வங்கியொன்றில்
எட்டு வருடம் வரைபடம் செய்தேன்.
கடன் கேட்டவர், கட்டியவர், கட்டாதவர்.
கோடு ஏறும், கோடு இறங்கும்.
"அழகாக இருக்கிறது அபோண்டி,
இந்தச் சிவப்பை மட்டும் நீலமாக்கிவிடு"
என்பார் மேலாளர் கிமுத்தாய்.
ஆக்கிவிடுவேன்.

மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா,
என் அறிக்கைகளை யார் திறந்தார்கள் என்று
கணினியின் பதிவைத் துழாவினேன்.
அனுப்பியவை இருநூற்றுப் பன்னிரண்டு.
திறந்தவை ஒன்பது.
அதில் ஆறு,
பிழை இருக்கிறதா என்று பார்க்க
நானே திறந்தவை.

மிச்ச மூன்றும் யாருடையவை என்று தேடவில்லை.

கொண்டேலேயில்
முடி பின்னும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தேன்.
மின்சாரம் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி,
ஒரு மேசை, 'தரவு ஆலோசகர்' என்று அச்சடித்த
ஐந்நூறு அட்டைகள்.
கீழ்க்கடை லவின் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"ஜோசியம் மாதிரியா?" என்றாள்.
கிட்டத்தட்ட அதுதான்,
ஆனால் நடந்து முடிந்ததற்கு, என்றேன்.

ஐந்து மாதம் ஒருவரும் படியேறவில்லை.
தொலைபேசி அடித்தது ஒரே ஒரு தடவை.
பழைய அலுவலகம்:
அந்தக் கோப்பின் கடவுச்சொல் என்ன?

பிறகு ஐஸ் ஆலைக்காரர் ஒச்சோலா வந்தார்,
மூச்சு வாங்க, தொப்பியைக் கழற்றாமல்.
"நூறு கிலோ ஏற்றினால்
எண்பத்தெட்டுதான் ஏரிக்கரை சேர்கிறது.
ஓட்டுநர் ஓகுட்டு வழியில் விற்றுத் தின்கிறான்.
அவனை அனுப்ப எனக்கு ஒரு தாள் வேண்டும்,
எண் போட்டு."

பதினோரு நாள் ஓகுட்டுவின் லாரியில் போனேன்.
என்னை எதற்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று
அவருக்குத் தெரியும்.
இருந்தும், குழி வரும் இடமெல்லாம்
"பிடித்துக்கொள்" என்றார்.
ஆலையில் நிறுத்தேன், சுங்கச்சாவடியில் நிறுத்தேன்,
கரையில், மீன்காரப் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, நிறுத்தேன்.
எங்கும் நிற்காமல் ஓடிய நாளிலும்
அதே பன்னிரண்டு கிலோ குறைந்தது.

பத்தாம் நாள் ஒரு கட்டி கைதவறி விழுந்து உடைந்தது.
நடுவில் உறையாத நீர்,
முட்டைக்குள் இருப்பதுபோல்.

பழைய நோட்டுகளைப் புரட்டினேன்.
மார்ச்சிலிருந்து,
பக்கத்து ஆலையை முந்த வேண்டும் என்று,
ஐந்தரைக்கு எடுக்க வேண்டிய ஐஸை
நாலு மணிக்கே எடுக்கச் சொல்லியிருந்தார் ஒச்சோலா.

"திருடன் யார்?" என்றார்.
"நாலு மணி" என்றேன்.

தாளை வெகுநேரம் பார்த்தார்.
முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார்.
பேசிய கூலியில் பாதியை வைத்துவிட்டுப் போனார்.
மீதி இன்னும் வரவில்லை.

அன்று எழுதிய பில்லில்தான்
எண் என்ற இடத்தில் கை நின்றது.
0001 என்றால் யார் நம்புவார்கள்?
0047 என்று போட்டேன்.
எண்கள் பொய் சொல்லாது என்று விற்க வந்தவள்
விற்ற முதல் எண்.

அடுத்த ஆளை ஓகுட்டு அனுப்பினார்.
கோழித்தீவனக்காரர். அவர் அனுப்பியவர் படகு டீசல்காரர்.
"அவளிடம் போகாதே, நீ கேட்ட திருடனைப் பிடித்துத் தரமாட்டாள்"
என்று ஒச்சோலா ஊரெல்லாம் சொன்னதில்
இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

நாற்பத்தேழாவது வாடிக்கையாளர் வந்த நாளில்
பில்லில் 0093 என்று விழுந்தது.
யாருக்கும் அது ஒன்றுமில்லை.
நான் மட்டும் கீழே இறங்கிப் போய்
லவினுக்கும் எனக்கும் தேநீர் சொன்னேன்.

இப்போது மூன்று பேர் இருக்கிறோம்.
தணிக்கைக்குக் கோப்பு அடுக்கும் நஃபுலா,
நேற்றுதான் சேர்ந்தவள், கேட்கிறாள்:
"முதல் நாற்பத்தாறு பில்களும் எங்கே, மேடம்?"

இல்லை என்கிறேன்.
தொலைந்ததா, நடக்கவே இல்லையா என்கிறாள்.
இரண்டும் வேறு வேறு என்று
நான்தான் நேற்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

நடக்கவில்லை, எழுதிக்கொள்.
காரணம் என்ற கட்டத்தில்
என்ன போடட்டும் என்கிறாள்,
விசைகளின் மேல் விரல் வைத்தபடி.

"பயம்" என்கிறேன்.
தட்டச்சு செய்கிறாள்.