பாடபேதம்

டர்பன். ஆய்வகத்தின் ஏழாம் மாடி.
கடல் பக்கம் மழை.
முப்பத்தேழு பாகையில் குழாய்கள் அடைகாக்கின்றன.
கோழிக்கு இருபத்தொரு நாள்.
இதற்கு நாற்பத்திரண்டு வரை பொறுக்க வேண்டும்.

கோகிலன் படையாச்சி, ஐம்பத்து மூன்று, சாட்ஸ்வர்த்.
கார் டிங்கர் பட்டறை. ஆகஸ்டில் வந்த சளி.
பெயரைப் பார்த்ததும் டாக்டர் ஃபான் வைக்
"இது உங்கள் ஊர்க் கிருமி" என்றார்,
"கப்பலில் வந்த கிளை."
என் ஊரும் சாட்ஸ்வர்த்தான். சொல்லவில்லை.

கரும்புக்கு வந்தவர்களின் நெஞ்சில்
ஒரு கிளை வந்தது உண்மைதான்.
தங்கச் சுரங்கத்துத் தூசியில் இன்னொன்று தழைத்தது.
துறைமுகம் துறைமுகமாய் இறங்கி
பெய்ஜிங் என்று பேர் வாங்கிய ஒன்றும் உண்டு.
ஆட்களுக்கு எண் கொடுத்து இறக்கினார்கள்.
கிருமிக்கு யாரும் கொடுக்கவில்லை,
நாங்கள்தான் இப்போது கொடுக்கிறோம்.

நாற்பத்து நாலு லட்சம் எழுத்து நீளம்.
மொத்த நெடுங்கணக்கே நான்கு எழுத்து.
உயிரும் இல்லை, மெய்யும் இல்லை அதில்.
ஆனாலும் எலும்புருக்கி.

ஏடு பார்த்து ஏடெழுதுகிறவனுக்குக் கை தவறும்.
அடுத்தவன் அந்தத் தவற்றையும் சேர்த்தே எழுதுவான்.
தவறுகளைப் பிடித்துக்கொண்டே போனால்
எந்த ஏடு எதன் பிள்ளை என்று தெரிந்துவிடும்.
எனக்கும் அதே உத்தியோகம்,
முகமூடி மட்டும் கூடுதல்.

அநேகப் பிழைகள் ஒன்றும் செய்வதில்லை.
அபூர்வமாய் ஒன்று, நீ என்பது தீ ஆவதுபோல்,
ரிஃபாம்பிசின் வந்து திறக்கும் கதவின்
பூட்டையே மாற்றிவிடும்.
பாதியில் மாத்திரை நின்ற உடம்பில்
மற்றதெல்லாம் சாகும்,
பிழை பிழைக்கும்.
தமிழில் அதற்கு வேறு வினைச்சொல் தேடவேண்டியதில்லை.

முடிவு வந்தது. கப்பல் கிளை இல்லை.
மரத்தில் அவருக்குப் பக்கத்து இலை
ஸிபுயிலே செலே, இருபத்தாறு, உம்லாசி,
ஜேக்கப்ஸில் தையல் ஆலை.
இருவருக்கும் நடுவே இரண்டே எழுத்து.
ரிஃபாம்பிசின் கேட்காது, ஐஸோனியாஸிட் கேட்காது,
பெடாகுவிலினுக்கு மட்டும் இன்னும் மசிகிறது.
அவர் ஆறு மாதம் விழுங்கவேண்டும்.
அவளுடைய குழாய் மார்ச்சில் வந்தது.
கோப்பை மே மாதம் மூடியிருக்கிறார்கள்.

உம்லாசிக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் நடுவே,
நிறம் பார்த்துக் குடிவைத்த காலத்தில்,
வெற்று நிலம் விட்டிருந்தார்கள்.
மூச்சோடு மூச்சு கலக்கக்கூடாதாம்.
எனக்குப் பதின்மூன்று வயதுவரை
அந்தப் பக்கத்து ஒருவர் பெயரும் தெரியாது.

எங்கே சந்தித்தார்கள்?
"யார் அந்தப் பொண்ணு?" என்றார் கோகிலன்,
பயந்து, மனைவி பக்கம் பார்த்துக்கொண்டே.
டாக்சியில் ஏறுகிறவர் இல்லை, சொந்த பக்கி இருக்கிறது.
அவள் போன சர்ச் அவருக்குத் தெரியாது,
அவர் காவடி எடுத்த கோயிலுக்கு அவள் வந்ததில்லை.
மூன்று வாரம் அலைந்தபின்
இரண்டு மஞ்சள் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
சர்க்கரை மாத்திரைக்கு அவர், வேறு மாத்திரைக்கு அவள்,
ஒரே கிளினிக், மாதத்தின் முதல் வியாழன்.
காலை ஆறு முதல் வரிசை.

போய்ப் பார்த்தேன்.
நீளப் பெஞ்சு. மூன்று ஜன்னல்.
பெயிண்ட் அடித்தவன் சட்டத்தையும் கதவையும்
ஒன்றாகச் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறான், எப்போதோ.
"பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து கடிதம் வரணும்" என்றாள் நர்ஸ்,
தன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு.

கைப்பையில் டிபன் டப்பாவோடு கிடந்தது
வெண்ணெய் தடவும் கத்தி.
முதல் ஜன்னலுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.
உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.
ஒருவர் இருமினார், உடனே மன்னிப்புக் கேட்டார்.
இரண்டாவதில் கத்தி வளைந்துவிட்டது.