பதினேழாம் கேள்வி

'கடந்த ஆறு மாதமாகத் தொடர்ந்து சோர்வு உண்டா?'
முக்கூடலில் முதல் நாள் நாற்பது வீடு.
உண்டு என்றவர் ஒரே ஒருவர்.
அவரும் சோறு என்று கேட்டிருப்பாரோ என
இப்போது சந்தேகம்.

பீடிச் சுளகை மடியிலிருந்து இறக்காமல்
பேச்சிக்கனி சொன்னாள்:
'சோர்வுன்னா யாருக்கு வெளங்கும்?
சடவான்னு கேளு பிள்ள.'

மறுநாள் அதே நாற்பது வீடு,
அதே இலை நெடி, சடவா என்று கேட்டேன்.
முப்பத்தொன்று.

ஆல்வின் சார் போனில் கத்தினார்:
'படிவத்தை மாத்த நீ யாரு?'
பிறகு அவரே வந்து சலித்தார்.
தூங்கி எழுந்தால் தீர்கிற சடவு, தள்ளு.
ரத்தம் குறைந்த சடவு, தள்ளு.
தைராய்டு, சர்க்கரை,
ஆயிரம் பீடி சுற்றிய விரலின் சடவு, தள்ளு.
ஒருநாள் துணி துவைத்தால்
மூன்று நாள் படுக்கவைப்பது மட்டும் நிற்கட்டும்.
நின்றது இரண்டு.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு.
ஜங்ஷனில் பஸ் மாறி
வரிசையில் நிற்கத் தெம்புள்ளவர்களை
அங்கே எண்ணினார்கள்.
போனில் கேட்டவர்களுக்கு
எடுத்ததெல்லாம் ஆண்குரல்:
'அவளா? நல்லாத்தான் இருக்கா.'

எட்டாம் நம்பர் வீடு
மூன்று தடவையும் திறக்கவில்லை.
விதிப்படி 'ஆளில்லை', 99 என்று போட்டேன்.

மறந்துவைத்த குடைக்காகத் திரும்பியபோது
தாழ்ப்பாள் அசைந்தது.
நிலையைப் பிடித்தபடி ஒருத்தி.
முப்பிடாதி, இருபத்தொன்பது வயது.
கட்டிலுக்கும் கதவுக்கும் எட்டடி இருக்கும்.
'மூணு தடவையும் தட்டினது கேட்டுச்சுக்கா.
நான் எந்திக்கதுக்குள்ள போயிட்டிய.'

வெளிச்சம் கூசியது அவளுக்கு.
நான் கேள்வியை எடுக்கவில்லை.
குடையை நீட்டினாள்,
அதன் கனத்தில் கை நடுங்கிற்று.

எட்டாம் வீட்டைச் சேர்க்கச் சொன்னேன்.
கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.
அறிக்கையில் எங்கள் தெரு
ஒரு புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.

இப்போது ஆலங்குளம் பக்கம் வேறு ஆய்வு, வேறு படிவம்.
கதவைத் தட்டிவிட்டு
இருநூறு வரை எண்ணுகிறேன்.
தெருநாய்கூடச் சலித்துப் படுத்துவிடுகிறது.
சில வீட்டில்
நூற்றெண்பதுக்கு மேல்தான்
உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது.