இருக்கலாம்

நவம்பர் கல்மழை
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டை
இருபதே நிமிடம் அடித்துவிட்டுப் போனது.
வீட்டுக்கு ஒன்றுமில்லை.
போனது கார்க் கண்ணாடியும், அண்டை வீட்டுப் பப்பாளியும்,
தோட்டக் கொட்டகையின் கூரையும்.
பச்சை பெயிண்ட் உரிந்த நெளித்தகட்டில்
ஒரு பந்து நுழையும் ஓட்டை.
கீழே புல்வெட்டியின் மேல்
நொறுங்கிய முறுக்குபோல் துண்டுகள்.

"ஐந்நூறு ராண்ட் கொடு அக்கா,
சுத்தியலால் நாலு போட்டு
சனிக்கிழமை குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறேன்"
என்றான் டெரன்ஸ் செட்டி, வேலிக்கு மேலிருந்து.
சரி என்று சொல்லியிருப்பேன்.
உடைந்த விளிம்பில் மயிர் நீட்டிக்கொண்டிருந்தது,
கிழிந்த சாக்கின் ஓரத்தில் தொங்குமே, அப்படி.
சிமெண்டுக்கு ஏது மயிர்?

நோம்தாண்டாஸோ வந்தாள். என் மகளைவிடச் சின்னவள்.
தொடாதே, பெருக்காதே, துளையிடாதே
என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.
பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைத்
தூறலாய்த் தெளித்து
நகத்தளவு சில்லை
ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டாள்.
ஆஸ்பெஸ்டாஸா என்று கேட்டேன்.
அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள்.
என் காதில் விழுந்தது தமிழில்:
இருக்கலாம்.

ஆய்வகத்தில் பத்து நாள் ஆகுமாம்.

அகராதியைப் புரட்டினேன். கல்நார் என்றிருந்தது.
சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.
குணசீலன் பெண் பார்க்க வந்துபோன அன்றே
என் அம்மா சொன்னாள்,
இவன் கல்லில் நார் உரிப்பவன் என்று.
எண்பத்து மூன்றில், ஜேக்கப்ஸில் ஏதோ ஆலையை இடித்தபோது
சும்மா கிடைக்கிறதென்று
இந்தத் தகடுகளைத் தம்பியின் வண்டியில்
ஏற்றிக்கொண்டு வந்தவன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
கம்பிப் பிரஷ்ஷோடு மேலே ஏறிப்
பாசியைச் சுரண்டுவான், பிறகு பெயிண்ட்.
ஏணியைப் பிடித்தபடி நான் அண்ணாந்து பார்ப்பேன்.
சலித்த மாவாக இறங்கும்.
அவன் ஓவராலைப் பின்வாசலில் உதறி உதறித்
துவைத்துப் போட்டேன்.
அதே கொடியில், அடுத்ததாக,
மகளின் பள்ளிச் சட்டை.

"நாற்பது வருஷமா இதுக்குக் கீழதானே நிக்கிறேன்,
எனக்கென்ன ஆச்சு?"
கேட்டுவிட்டு இருமினான்.
அது சிகரெட் இருமல்.
சிகரெட் இருமலாக இருக்கலாம்.

கறிவேப்பிலை பறிக்கவில்லை.
கொட்டகையை ஒட்டி நிற்கிற மரம்.
டெரன்ஸின் மனைவி ஒரு கொத்து கொடுத்தாள்.
வாங்கிய பிறகு நினைத்தேன்,
அவள் மரம் வேலிக்கு அந்தப் பக்கம்தானே,
காற்றுக்கு வேலி தெரியுமா?
பருப்பில் போடாமல் ஜன்னலில் வைத்தேன்.
வாடிற்று.

இரவில் அவன் இருமலை எண்ணினேன்.
செவ்வாய் ஆறு.
புதன் பதினொன்று.
வியாழன் என்னுடையதையும் சேர்க்க வேண்டியிருந்தது.

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து மகள் கூப்பிட்டாள்.
கல்மழை என்றேன். கூரை என்றேன்.
கொடியைப் பற்றிச் சொல்லவில்லை.

தாள் வந்தது. வெள்ளைக் கல்நார், பன்னிரண்டு சதவீதம்.
கூரையைப் பற்றி இரண்டு பக்கம்.
எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெள்ளை உடையில் நாலு பேர் வந்து
நனைத்து, ஆணி ஆணியாய்க் கழற்றி,
முழுத்தகடாகவே இறக்கி
பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள், பிணத்தைவிடப் பத்திரமாக.
ஒன்பதாயிரம் ராண்ட்.
குணசீலன் நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்தான்.
பேரம் பேசவில்லை.
எனக்குப் பயம் வந்தது
அப்போதுதான்.

சாயங்காலம் தேடினால், கொட்டகைக்குள் இருக்கிறான்.
கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து
மேலே பார்த்துக்கொண்டு.
நாலு சுவர், நடுவில் வானம்,
மண்வெட்டியின் மேல் முதன்முதலாக வெயில்.

"கூரை இல்லாம கொஞ்ச நாள்
இருக்கலாமா?" என்றான்.

இருக்கலாம் என்றேன்.