ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

நான்கு சிலிண்டரும் தீப்பிடிக்கும் வரிசை அது.
பள்ளிக்கூடத்தில் அப்படி எண்ணினால் அடி விழும்.
இருபத்தாறு வருடமாக என் காது
அப்படித்தான் எண்ணுகிறது.
சரோஷ்னி படையாச்சியின் வெள்ளை டாஸ்
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் மேட்டில் ஏறும்போதே
பட்டறைக்குள்ளிருந்து கேட்டுவிட்டேன்:
ஒன்று,
            நான்கு, இரண்டு.
ஒன்று,
            நான்கு, இரண்டு.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன்.
மற்ற மூன்றுக்கும் என்ஜின் தள்ளாடியது.
மூன்றாவதைப் பிடுங்கியபோது
அதற்கு ஒரு வருத்தமும் இல்லை.
பிளக் நனைந்து கறுத்திருந்தது, எரியாத பெட்ரோல் வாடை.
புதுப் பிளக், புது ஒயர்.
பணம் மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னாள்.
ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாள், இரவுப்பணி முடித்த நர்ஸ் உடுப்போடு
வாசலில் நின்றாள். "திரும்பவும் இருமுது, அங்கிள்."
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றினேன், ரோட்டரை மாற்றினேன்,
இன்னொரு செட் ஒயர்.
கம்ப்ரஷன் நான்கிலும் நூற்றெழுபது,
எந்த அண்ணன் தம்பியும் பிரித்துக்கொள்ளாத அளவு சமம்.
பக்கத்து டயர்க்கடைக்காரர் குரங்கைக் குற்றம் சொன்னார்:
"என் ரொட்டியையே பிடுங்கிட்டுப் போகுது, ஒயரை விடுமா?"
நான் அவள் பெட்ரோல் போடும் பங்கைச் சொன்னேன்,
கடல் ஈரத்தைச் சொன்னேன்,
அவள் கியர் மாற்றும் விதத்தைக்கூடச் சொன்னேன்.
அவள் வந்தபோதெல்லாம் ஒன்றைத்தான் சொன்னாள்:
"ஏத்தத்துல மட்டும்தான்."
ஏற்றத்தில் எந்த வண்டிதான் முனகாது என்று
அந்தச் சொல்லைக் கை துடைத்த துணியோடு
வாளிக்குள் போட்டிருந்தேன்.

மூன்றாம் முறை வந்தது ஜூலை மாதம், மாலை ஆறு மணி.
பானெட்டைத் தூக்கியதும் மின்சாரம் போனது.
ம்லுங்கிசி ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்துவிட்டான்.
(சரிசெய்பவன் என்று பொருள் அந்தப் பெயருக்கு;
சம்பள நாளில் நினைவூட்டுவான்.)
"வேணாம், கொஞ்சம் இருட்டாவே இருக்கட்டும்," என்றாள் சரோஷ்னி.
"நரம்பு கிடைக்காத கையில நான் வெளிச்சத்தை நம்புறதில்ல."

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும்
ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் கிளட்சைப் பாதி விடச் சொன்னேன்.
என்ஜின் தன் இருக்கையில் ஒருபக்கம் சாய்ந்தது,
மேடு ஏறுகிற மாதிரி.
அப்போது அவள் கை நீட்டினாள். அங்கே.

மூன்றாவது ஒயரின் இடுப்பிலிருந்து
தாங்கி இரும்புக்கு
ஒரு நீல நூல். அறுந்து, மறுபடி பூத்து, அறுந்து.
கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்துவிட்டு
பாதி வழியில் இறங்கிக்கொள்ளும் ஆளைப் போல.
மூவரும் பேசவில்லை.
அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப் அங்கே இல்லை.
கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக்,
எவன் கழற்றி எங்கே எறிந்தானோ.
வாங்கிப் போட்ட ஒவ்வொரு புது ஒயரையும்
நானேதான் அந்த இரும்பின்மேல் படுக்கவைத்தேன்.
ஏற்றத்தில் என்ஜின் சாயும், ஒயர் உரசும்,
ஒன்பது நாளில் தோல் திறந்துகொள்ளும்.
இரண்டு தடவை நோயை நானே ஏற்றி அனுப்பியிருக்கிறேன்,
ரசீதோடு.

பழைய ஹோஸில் இரண்டு அங்குலம் வெட்டி
மற்றுமொரு புது ஒயருக்குச் சட்டை போட்டு
இரும்புக்கு எட்டாமல் கட்டினேன்.
பில் புத்தகத்தைத் திறந்தேன்.
பழைய கணக்கை முழுக்க அடிக்க மனம் வரவில்லை;
பாதியை அடித்தேன்.
அவள் பேரம் பேசியிருந்தால்
நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இன்று பதினோராம் நாள்.
விடிந்தும் விடியாமல் மேட்டில் ஒரு வண்டி ஏறுகிறது,
அவளுடையதுதான் என்று நினைக்கிறேன்.
டீயைக் கீழே வைத்துவிட்டு எண்ணுகிறேன்.
ஒன்று, மூன்று,
குறுக்கே கரும்பு லாரி ஒன்று
எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது.