நூற்றுப் பதினாறு

பேரணாம்பட்டில் தோல் உதறுகிறவன் நான்.
லாரியில் வரும் ஆட்டுத்தோலை
மேசைமேல் அடித்து அடித்து
உப்பு உதிர்க்க வேண்டும்.
பதினாறு வருஷம்.
இமையில் உப்பு, காதுமடலில் உப்பு,
பீடிக்கட்டுக்குள் உப்பு.

போன பங்குனியில் தொடங்கியது.
முதலில் மாங்காய்க்குத் தொட்டுக்கொண்டேன்,
அப்புறம் தர்பூசணிக்கு.
அப்புறம் மாங்காயும் வேண்டாம், தர்பூசணியும் வேண்டாம்.
"வாரத்துக்கு ஒரு பாக்கெட்டு தீந்து பூடுது,
எலி இன்னா உப்பா துண்ணும்?"
கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள் ராகேல்.

ஒரு மத்தியானம், மேஸ்திரி சாப்பிடப் போனபின்,
தோலிலிருந்து உதிர்ந்த அந்த அழுக்கு உப்பைப்
புறங்கையில் தொட்டு நக்கினேன்.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உடம்பு கறுத்தது. வெயில் என்றார்கள்.
ஈறும் கறுத்தது.
வாய்க்குள் ஏது வெயில்?
உள்ளங்கை ரேகைகள்
யாரோ மை தொட்டு எழுதினாற்போல.
எழுந்து நின்றால் உலகம் சாயும்.
ஒருநாள் சாய்ந்தது உலகம் இல்லை.

தோல் இறக்கிய மினி லாரியிலேயே
வேலூருக்கு ஏற்றினார்கள்.
பாலாற்றுப் பாலத்தில் கண் திறந்தேன்.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
சீமைக்கருவேலம் நின்றது.

இரவு இரண்டரைக்கு ரிசல்ட் வந்தது.
சோடியம் நூற்றுப் பதினாறு.
பொட்டாசியம் ஏழு.
டாக்டரம்மா காகிதத்தை மடித்து வைத்துவிட்டு
என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
"உப்பு திம்பீங்களா? வெறும் உப்பு?"
நான் ராகேலைப் பார்த்தேன்.
"எலி" என்றாள் அவள்.

கிட்னி நன்றாகத்தான் இருக்கிறதாம்.
நாளெல்லாம் நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி
ஒன்றரை லிட்டர் போக மீதியை
உள்ளேயே திருப்பி எடுத்துக்கொள்கிறதாம்.
எங்கள் தொழிற்சாலைக்கு அந்தப் புத்தி இல்லை.
ஆனால் கேட்டில் நிற்கிறவனுக்குச் சீட்டு வர வேண்டும்:
உப்பை உள்ளே விடு,
பொட்டாசியத்தை வெளியே அனுப்பு.
சீட்டு எழுதுகிற ஆபீஸ் மாடியில்,
கிட்னி தலையில் குல்லா மாதிரி ஒரு சுரப்பி,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
எட்டு வருஷத்துக்கு முந்தி
நான் இருமித் துப்பித் தீர்த்ததாக நினைத்த டீபி
சத்தமில்லாமல் அங்கே குடியேறி
இரண்டையும் சுண்ணாம்பாக்கியிருக்கிறது.
சீட்டு நின்றுபோனது.
வாட்ச்மேன் என்ன செய்வான்?
உப்பு பாட்டுக்கு நடந்து வெளியே போக,
பொட்டாசியம் இதயத்தின் வாசலை மறித்துக்
குந்திக்கொண்டது.
வீட்டில் இல்லாததை
நாக்கு தெருவில் தேடக் கிளம்பியது.

அந்தச் சீட்டுக்குப் பேர் ஆல்டோஸ்டிரோன்.
ராகேல் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்:
"ஆள்டோ. ஆள் இல்லை."

எங்கள் தெருக் கிணற்றில் உப்பு ஜாஸ்தி,
வாயில் வைக்க முடியாது, கேன் தண்ணீர்தான்.
என் ரத்தத்தில் உப்புக் கம்மி.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கூட வேலை செய்யும் இம்தியாஸ்
பாசமாக நாலு இளநீர் சீவிக்கொண்டு வந்தான்.
நர்ஸ் பாய்ந்து பிடுங்கினாள்:
"அத்தனையும் பொட்டாசியம்! கொல்லப் பாக்கிறியா?"
அவன் வராந்தாவில் நின்று
நாலையும் தானே குடித்துவிட்டுப் போனான்.

சலைன் சொட்டுச் சொட்டாக.
அவசரப்பட்டால் மூளை தாங்காதாம்,
நாளைக்கு எட்டுப் பாயின்ட் தாண்டக் கூடாதாம்.
உப்பை மூட்டையாகவே பார்த்தவன்
ஒவ்வொரு சொட்டாக எண்ணிக் கிடந்தேன்.
நூற்றிருபத்து மூன்று.
நூற்றிருபத்தொன்பது.

இப்போது தினம் இரண்டு விதமாக மாத்திரை,
ஆயுசுக்கும்.
ஒன்று மிளகைவிடச் சிறிசு.
மாடி ஆபீஸில் இப்போது அதுதான் கிளார்க்கு.

டிஸ்சார்ஜாகி வந்து பத்தாம் நாள்,
கருவாட்டுக் குழம்பு.
இரண்டாவது கவளத்தில் நிறுத்தினேன்.
"இன்னா, உப்பு கரிக்குது?"

ராகேல் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"இன்னொரு வாட்டி சொல்லு."