மிச்சம் எத்தினை

எண்ணைச் சொல்லமாட்டேன் என்றுதான்
பிஸ்கட் பெட்டியின் அட்டையை
மூன்றாய் மடித்து நிறுத்தியிருக்கிறேன்,
எட்டிப் பார்க்க இரண்டு ஓட்டை வெட்டி.
இந்தப் பக்கம் நான்,
சீ.ஆர். கொப்பி, பென்சில்,
நண்டரசனின் எண்பத்துநாலு உயிர்ப்புள்ளி.
அந்தப் பக்கம் நாலு பேர்,
ஒரு தட்டுக் கச்சான்,
கொழும்பிலிருந்து தபாலில் வந்த
இருபது முகப் பகடை, ஒன்றே ஒன்று.

கல்லடியில் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
இஷா முடிந்து சப்ரி வந்து சேர ஒன்பதாகும்.
வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தால் நுளம்பு,
பூட்டினால் புழுக்கம்.
நண்டரசனுக்கு ஒரு சோடா மூடி,
வீரர்களுக்கு லூடோக் காய்கள்.
பச்சை தொலைந்துபோனதால்
மார்லன் ரேகல் சட்டைப் பொத்தான்.

"எத்தினை மிச்சம்?"
சப்ரி கேட்கிறான்,
பகல் முழுக்க லீசிங் கம்பனியில்
மிச்சம் கேட்டே சம்பளம் வாங்குகிறவன்.
"ஓட்டில வெடிப்பு. இடது கொடுக்கு தொங்குது.
வாயில நுரை, நுரையில ரத்தம்."
"நண்டுக்கு ரத்தம் சிவப்பில்லகா," மார்லன்.
சரி, நீலம்.
"அப்ப பாதிக்கு மேல போயிட்டுது."
"நான் அப்படிச் சொல்லல்ல."
"சொன்னாய்."

மின்கட்டணச் சிட்டையின் பின்பக்கம்
விழுந்த அடியெல்லாம் கூட்டி வைத்திருக்கிறான் மார்லன்.
எழுபத்திரண்டு. கணக்குச் சரி.
கொப்பியில் எண்பத்துநாலை அழித்து
நூறென்று எழுதினால் யாருக்குத் தெரியும்?
அழிறப்பர் கைக்குள்தான் இருந்தது.
எழுதவில்லை.
(ஒருமுறை எழுதினேன், சுரங்கத்துப் பாம்புக்கு.
இன்னும் ஒருவருக்கும் தெரியாது.)

தவசீலி எண் கேட்பதில்லை.
பெரியாஸ்பத்திரியில் ஏழாம் வார்டு.
"மூச்சு எப்பிடி வருது?" என்பாள்
சோடா மூடியைப் பார்த்தபடி.
அதுவரை நான் யோசித்திராத மூச்சை
அவளுக்காக யோசித்துச் சொல்வேன்:
இழுத்து, நின்று, இழுத்து.
"அப்ப கிட்ட," என்று
மந்திரத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்வாள்.
"சொந்தக்காரருக்கு நாங்க நம்பர் சொல்லுறல்ல.
கை குளிருதெண்டு சொல்லுவம்.
அவங்களுக்கு விளங்கும்."

பத்தரைக்குக் கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் கேதாரநாதன் உருட்டினான்.
பதினேழு. ஒன்பது குறைத்தேன்.
"உயிரோட இரிக்கா?"
என் வாய் நிறையக் கச்சான்.
தலையை ஆட்டினேன்.

கேதாரன் கையை மேசையில் வைத்தான்.
"தலையாட்டாத.
வாயால சொல்லு."

சத்தமாய்ச் சொல்லவில்லை.
மின்விசிறி நின்ற அறையில் எல்லோருக்கும் கேட்டது.
போன வருசம் அவன் வீட்டில் சாப்பிட்டபோது கண்டேன்,
அங்கே ஒருவரும் தலையால் பதில் சொல்வதில்லை.
இன்னும் சோறு வைக்கவா என்றால்
"வை" என்று முழுசாய்ச் சொல்வார் அவன் அம்மா,
கழுத்தை அசைக்காமல்.

அட்டையைப் பார்த்தேன்.
கண்ணுக்குக் கண்ணாய்
நானே வெட்டிய இரண்டு ஓட்டை.

கச்சானை விழுங்கி,
"உயிரோட இரிக்கு," என்றேன்.
மறுகா அட்டையைப் படுக்க வைத்தேன்.
கொப்பி எல்லோருக்கும் தெரிந்தது.
மூன்று.

அடுத்தது சப்ரியின் முறை.
மூன்றுக்கு என்ன வேண்டும்,
சும்மா தட்டினாலே போதும்.
பகடையைக் கைக்குள் வைத்து
உரசிக்கொண்டே இருந்தான்.
"வேற என்ன எழுதியிரிக்காய்?"
ஓட்டின் தடிப்பு. கொடுக்கின் வீச்சு.
நெருப்புக்குப் பயம்.
மூன்று நாளாய்ப் பசி.
"பேரில்லையா?"
இல்லை. நண்டரசன் என்பது நான் கூப்பிடுவது.

"இந்த முறை அடிக்கல்ல நான்."
மார்லன் தலையில் கை வைத்தான்.
"மூணுதானேகா! மூணு!"

அப்படியென்றால் நண்டின் முறை.
முதல் தடவையாக என் பகடை
எல்லோர் கண் முன்னாலும் உருண்டது.
பத்தொன்பது.
சட்டைப் பொத்தான் தெறித்து
கச்சான் தட்டுக்குள் விழுந்தது.

"மிச்சம் எத்தினை?" என்றேன்.
மார்லன் சிட்டையைக் கவிழ்த்து
அதன்மேல் கையை விரித்து வைத்தான்.

"சொல்லமாட்டன்."